பாயச வாளியோடு விழுந்த அண்ணனுக்கு

விழுந்து விழுந்து சிரிப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். நம் வீட்டில் அந்த வேலையை நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். விழுவது நீ, சிரிப்பது நான். அப்படிப் பிரித்துக்கொண்டு என்னைச் சிரிக்கவே வைத்த என் அண்ணா, உன் அம்மிணி எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன், எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு வீடியோ காரணம். திருச்செங்கோட்டில் என் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் பாயச வாளியோடு விழுந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அதை யாரோ போனில் போட்டுவிட்டார்கள். முகம் தெரியாத ஜனமெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எனக்கு அது முதலில் வந்து சேர்ந்தது பள்ளிக்கூடத்தில். மதியச் சாப்பாட்டு நேரம். கணக்கு டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். "மிஸ், இதப் பாருங்க. காலைல இருந்து பத்துத் தடவ பாத்துட்டேன்."

பார்த்தால் என் வீட்டு மொட்டை மாடி. என் வீட்டுப் பந்தல். நீ வாளியோடு வருகிறாய். இடது கால் வலது காலில் இடறுகிறது. வாளி மேலே போகிறது. சின்ன மாமனார் தலையில் பாயசம் கொட்டுகிறது, நீ இரண்டு இலைக்கு நடுவில் குப்புற விழுகிறாய். நீ விழுகிற இடத்தில் சுருள்கம்பி துள்ளுகிற மாதிரி ஒரு சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதையே மெதுவாக்கி மூன்று முறை காட்டுகிறார்கள்.

"நல்லா இருக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அது என் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை அண்ணா? சொல்லியிருந்தால் அவர் பாவம், பதறிப் போயிருப்பார். அதற்காகவா? அல்லது வேறு எதற்காகவோ. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு நீ விழுந்தது ஒரு நிமிஷக் கூத்து. எனக்கு அது எங்கே தொடங்கியது என்று தெரியும். நம் அப்பாவுக்குக் கைதான் முதலில் பேசும், வாய் பிறகுதான் வரும். எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினொன்று. அப்பாவின் ரேடியோவை நான் தூக்கப் போய்க் கீழே போட்டு உடைத்துவிட்டேன். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நீ எங்கிருந்தோ நடுவில் வந்து நின்றாய். அவர் கை உன் தோளில் பட்டும் படாமலும் போனது. அவ்வளவுதான். நீ இரண்டு சுற்றுச் சுற்றி, அடுக்கி வைத்திருந்த அலுமினியக் குண்டாவையெல்லாம் உருட்டிவிட்டு, மாட்டுத் தண்ணித் தொட்டியில் இடுப்பளவு உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தாய்.

குண்டாக்கள் உருண்டு ஓய்ந்தபிறகு அப்பாவின் கை கீழே இறங்கியது. அப்புறம் அப்பா சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதிலிருந்து அதுவே உன் பழக்கமாகிவிட்டது. அப்பா கையை ஓங்குவதற்குள் நீ விழுந்துவிடுவாய். அவர் உன்மேல் ஓங்கினாலும் விழுவாய், என்மேல் ஓங்கினாலும் விழுவாய். வளர்ந்தபிறகு ஒருநாள் கேட்டேன், எப்படி அது தோன்றியது என்று. "அடி விழறதுக்கு முந்தியே சத்தத்தக் குடுத்துரோணும் அம்மிணி. சத்தம் கேட்டுதுன்னா, அடிக்கறவனுக்கு அடிச்சாச்சுன்னு தோணிரும்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்துக்கொண்டாய். நான் சிரிக்கவில்லை. அது ஒன்றுக்குத்தான் நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பத்தாவது முடித்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனாய். பலகை அறுக்கிற வேலை. மாரியம்மன் பண்டிகைக்கு ஊரில் போட்ட நாடகத்தில் உனக்குக் கோமாளி வேஷம் கொடுத்தார்கள். ராஜாவிடமும் அடி, மந்திரியிடமும் அடி, காவல்காரனிடமும் அடி. நீ பட்டறையில் கழித்துப்போட்ட மெல்லிய பலகை இரண்டை ஒருமுனையில் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தாய். அதால் முதுகில் லேசாகத் தட்டினாலே ஒரு பலகை இன்னொன்றில் மோதிப் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட "ஐயோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நாடகம் முடிந்ததும் சட்டையைத் தூக்கி முதுகை எனக்குக் காட்டினாய். ஒரு கோடுகூட இல்லை.

பல வருஷம் கழித்து, நான் இங்கிலீஷ் டீச்சராகிப் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் எழுந்து ஸ்லாப்ஸ்டிக் என்றால் என்ன மிஸ் என்று கேட்டாள். விழுவது, அடி வாங்குவது, வழுக்குவது, அந்த மாதிரிக் காமெடி என்று சொல்லிவிட்டேன். பெயர் ஏன் அப்படி என்று கேட்டதற்கு எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினேன். இத்தாலி நாட்டில் பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவர்கள் கையில் ஒரு குச்சி வைத்திருந்தார்களாம். இரண்டு மெல்லிய பலகையைச் சேர்த்துக் கட்டியது. அடித்தால் சத்தம் பெரிது, வலி சிறிது. அந்தக் குச்சியின் பெயரைத்தான் பிற்பாடு அந்தக் காமெடிக்கே வைத்துவிட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் வராண்டாவில் நின்று உனக்குப் போன் போட்டேன். பட்டறை ரம்பச் சத்தத்துக்கு நடுவில் நான் கத்திக் கத்திச் சொன்னேன். நீ முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏனம்மிணி, நம்ம பட்டறைச் சரக்கு அவுங்களுக்கு எப்புடிப் போச்சு? ஓனர் லோடு ஏத்தி உட்டுட்டாரா?" என்றாய். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அங்கயும் எவனோ ஒருத்தனுக்கு நம்ம அப்பனாட்டம் ஒரு அப்பன் இருந்திருப்பான்" என்றாய்.

அந்த வாக்கியத்தை எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். விழுந்தவனுக்கு வலிக்கவில்லை என்று தெரிந்தால்தான் நமக்குச் சிரிப்பு வரும். வலிக்கவில்லை என்று அவன்தான் நமக்குச் சொல்ல வேண்டும். அவன் பொய் சொன்னால்?

விழுவதற்கு ஒரு முகம் வேண்டும் என்பாய். "விழறதுக்கு முந்தி, எல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருக்குதுங்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோணும். அப்பத்தான் சிரிப்பு எச்சா வரும்." நீ எப்போது விழப் போகிறாய் என்பது அந்த முகத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். உன் புருவம் ஏறும், உதடு விசிலடிக்கத் தயாராகும். நான் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிடுவேன்.

இந்த வீடியோவில் அந்த முகம் இல்லை அண்ணா. இப்போது பார்க்கிறபோது பளிச்சென்று தெரிகிறது. நீ வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறாய். கால் இடறியதும் உன் முகத்தில் ஒரு திகைப்பு வருகிறது. நாற்பது வருஷம் உன்னைப் பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. எழுந்து நின்று, முழங்கையில் ஒட்டியிருந்த பாயசத்தை நக்கிப் பார்த்து, "சக்கரை கொஞ்சம் தூக்கலுங்க" என்று சின்ன மாமனாரைப் பார்த்துச் சொன்னாயே, பந்தியே உருண்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ அடிக்கடி விழ ஆரம்பித்தாய். பஸ் ஸ்டாண்டில் விழுந்தாய். கல்யாண வீட்டில் மணமேடைப் படியில் விழுந்தாய். ஒவ்வொரு முறையும் எழுந்து ஒரு வார்த்தை சொன்னாய், நாங்கள் சிரித்தோம். பட்டறையில் சிரிக்காத ஆள்களும் இருந்தார்கள். தங்கவேலு பகலிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று பேசினார்கள். ஒரு சொட்டுத் தொடாதவன் நீ. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் அப்படி நினைப்பதே உனக்கு வசதியாக இருந்ததோ என்னவோ.

டம்ளர் கையில் நிற்காமல் போய், பேச்சும் குழற ஆரம்பித்தபிறகுதான் அண்ணி உன்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். நடையையும் பேச்சையும் நிதானப்படுத்துகிற இடமாம் அது. குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வகை இல்லை என்றார். நிறுத்துவதற்கு மருந்தும் இல்லை என்றார். நான் டீச்சர் அல்லவா, கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எல்லாப் பதிலும் ஒரே பதிலாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் உன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மதியத்தை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா தோட்டத்துப் பக்கம் இருந்தார். நான் உன்னைப் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். ஈரத்தரையில் உன் கால் நழுவியது. உன்னைப் பிடிக்கப் போய் நானும் விழுந்தேன். நீ சுவரோரம் சாய்ந்து கிடந்தாய், நான் உன் கால்மேல் கிடந்தேன். வாளி உருண்டு உருண்டு போய்க் கதவில் முட்டி நின்றது. உன்னைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடி பார்த்தேன். இருவரும் சேர்ந்து மறுபடி வழுக்கினோம்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. என்னால் நிறுத்தவே முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கையில் இருந்த பலமும் போய்விட்டது. ஆள் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது.

"கூப்பிடாத," என்றாய். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "சித்த நேரம் இப்புடியே இருக்கலாம்."

இருந்தோம். உன் வேட்டியும் என் சேலையும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போது கேட்டேன், "எப்பத்தீலருந்து நெசமா விழுந்தீண்ணா?"

"உன்ற ஊட்டுல பால் காச்சுன அன்னைக்கு."

"பாயசமா?"

தலையை ஆட்டினாய். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பவே ஏன் சொல்லுல?"

"எல்லாரும் சிரிச்சீங்க. சரி, விளையாட்டுத்தான்னு நானும் நெனச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாய். "உங்கண்ணிகிட்டச் சொல்லீராத. ஒரு வருசம் மறைச்சுட்டேன்னு தெரிஞ்சா, தாங்கமாட்டா."

சரி என்றேன். அண்ணி வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயேதான் இருந்தோம். அதற்குப் பிறகு நீ பேசியது குறைந்துபோய், அப்புறம் பேச்சே நின்றுவிட்டது. சாப்பாடு புரையேறி நெஞ்சுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து போய்விட்டாய். மோகனூரில் ஆற்றில் உன்னைக் கரைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கரையில் யாரோ வழுக்கி, விழாமல் சமாளித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

இப்போது இந்த வீடியோ.

அன்று அதை எடுத்தவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். சொந்தக்காரர் குரூப்பில் மட்டும்தான் போட்டேன் என்று கண் கலங்கினார். அது எந்த வழியாக வெளியே போனதோ. போட்டவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அந்த வீடியோ கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான், என்ன விதிமீறல் இருக்கிறது? ஒருவர் விழுகிறார், நாலு பேர் சிரிக்கிறார்கள். கடைசியில் வீடியோவுக்குக் கீழே நானே எழுதினேன்: "இவர் என் அண்ணன். இவர் நடிக்கவில்லை. இது நோயின் முதல் அறிகுறி. இவர் இப்போது உயிரோடு இல்லை." அதற்கும் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டார்கள். ஒருவர், "ஃபீல் பண்ணாதீங்க அக்கா, ஜாலியா பாருங்க" என்று எழுதியிருந்தார். அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்.

கணக்கு டீச்சரிடம் ஏன் வாய் வரவில்லை என்று கேட்டேனே. இப்போது சொல்கிறேன். வீடியோவின் வலது மூலையில் என் அரக்குப் பட்டுச் சேலையில் ஒரு பொம்பளை இருக்கிறாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறாள். தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். ஊர் உலகம் சிரிப்பதை நான் தாங்கிக்கொள்வேன். அவளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவளை அழிக்கத்தான் நான் இத்தனை பேருக்கு எழுதினேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். போன மாதம் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் நான் புகாரை மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். வீடியோ தானாக ஓடிவிட்டது.

"அது தங்கவேலாட்டக் கேக்குதே?" என்று அம்மா எழுந்து வந்துவிட்டார். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. உனக்குத் தெரியும், நீ விழுவதை அம்மா எப்போதும் பார்த்ததில்லை. நாடகத்திலும் முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார். இப்போது போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முழுக்கப் பார்த்தார். மறுபடி போடு என்றார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நாலாவது தடவை, "அந்த எடத்துல நிறுத்து சாமி" என்றார்.

நிறுத்தினேன். நீ குப்புற விழுந்து தலையை மட்டும் தூக்கியிருக்கிறாய்.

"இவன் யாரப் பாக்கறான்?"

நான் உன் கண்ணைப் பார்த்ததே இல்லை அண்ணா. எல்லோரும் வாளியைத்தான் பார்ப்போம்.

"உன்னயத்தான் பாக்கறான். விழுந்ததும் உன்னயத்தான் தேடறான். பாரு, நீ சிரிக்கறதப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கறான்."

"இத போன்லருந்து எடுத்துரச் சொல்லி எழுதீட்டு இருக்கறம்மா" என்றேன்.

"எடுக்கச் சொல்லாத. ஆஸ்பத்திரீல அவன் எந்திரிக்கவே இல்ல. இதுல எந்திரிக்கறான்."

அம்மா போய்ப் படுத்துக்கொண்டார். நான் அந்த நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தது நான் சிரிக்கிறேனா என்று தெரிந்துகொள்ளவா? அல்லது நான் கை கொடுப்பேன் என்றா? நான் சிரிக்காமல் ஓடி வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாயா? எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தக் கண் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் அதே கண்தான்.

நேற்று அண்ணி போன் செய்தார். அவருக்கும் யாரோ காட்டிவிட்டார்கள். கீழே நான் எழுதியதை அவர் பார்க்கவில்லை. "பூங்கொடி, எங்கிட்ட மறைக்காம சொல்லு. அன்னைக்கே அவருக்கு இருந்துச்சா?" என்றார். இல்லீங்க அண்ணி, அது நடிப்புத்தான் என்றேன். "பக்கத்துலயே படுத்துக் கெடந்தனே. ஒரு வருசம் முந்தியே நான் கண்டுபுடிச்சிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?" என்று கேட்டுவிட்டு அழுதார். நீ போனதிலிருந்து அவர் இதைத்தான் நெஞ்சில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். நீ மறைத்ததால் தெரியவில்லை என்பதை அவர் அறியவில்லை. தன் கண்தான் குருடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறப் போகிறேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை காலை நாமக்கல் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருகிறேன். அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அந்தப் பாத்ரூமையும் சொல்வேன். நீ மறைத்தாய், நான் சிரித்தேன், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பேன். கேட்டுவிட்டு அவருக்கு உன்மேல் கோபம் வரலாம். என்மேலும் வரலாம். அழுதால் எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. சிரிக்க வைக்க எனக்கு வராது. ஆனால் அவர் போ என்று சொல்லும்வரை எழுந்து வரமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
அம்மிணி என்கிற பூங்கொடி